டீம் லீட் பொறுப்பு வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா? வேலைக்குப் போகும் அம்மாக்கள் சொல்லுங்கள்

நிலாமுற்றம் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு. மகன் இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. கணவருக்கும் முழுநேர வேலை.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, டீம் லீட் பொறுப்பை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எனக்குக் கீழே எட்டுப் பேர் இருப்பார்கள். சம்பளமும் கூடும். இத்தனை வருஷமாக எதற்கு ஆசைப்பட்டேனோ அதுதான். ஆனால் சாயங்காலம் வேறு அணிகளோடு அழைப்புகள் இருக்கும், மாதக் கடைசியில் எத்தனை மணிக்குக் கிளம்புவேன் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்காரர் உதவி பண்ண மாட்டாரா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். பண்ணுகிறார். பாத்திரம் துலக்குவார், துணி காயப்போடுவார், எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்வார். பிரச்சினை அதுவல்ல. போன மாதக் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

கணக்கு முடிக்கும் கூட்டம். பெரிய தொகைக் கோரிக்கை ஒன்றைப் பற்றி நான்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். போனில் செய்தி வருகிறது: "அம்மா மாத்திரை தீர்ந்துடுச்சு, எது வாங்கணும்?" பழைய அட்டையைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அனுப்பினேன். "எத்தனை நாளைக்கு?" பதில் சொன்னேன். "கடைக்காரர் வேற கம்பெனி மாத்திரை தர்றார், பரவாயில்லையா?" அதற்கும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் "சீட்டு கேக்குறாங்க, சீட்டு எங்க?" சீட்டு பீரோவில், பச்சைக் கோப்பில், இரண்டாவது உறையில். மேஜைக்குக் கீழே போனை வைத்து இதையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறேன், எதிரே உட்கார்ந்திருந்த உயரதிகாரி என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை.

வெயிலில் போய், வரிசையில் நின்று, மருந்தை வாங்கி வந்தவர் அவர்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் அலுவலகத்தில் இருந்தது என் உடம்பு மட்டும்தான். இந்த நிலையில் எட்டுப் பேருக்குப் பொறுப்பை எப்படி ஏற்பேன்? வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் எத்தனை வருஷம் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேனோ என்றும் பயமாக இருக்கிறது.

மூன்றாம்வார்டு எழுதியது:

அந்த மருந்து விஷயத்தைப் படித்ததும் உட்கார்ந்து எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. நான் ஸ்டாஃப் நர்ஸ். ஷிப்ட் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

நைட் டூட்டி முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. ஹேண்டோவர் கொடுக்க வேண்டும். அடுத்த நர்ஸை ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட்டிப் போவேன். இவர் யார், எதற்காகச் சேர்ந்தார், ராத்திரி எப்படி இருந்தார், எந்த மருந்து எத்தனை மணிக்குப் போயிருக்கிறது, எது பாக்கி, எந்த ரிசல்ட் வர வேண்டும், எதைக் கண்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். எல்லாம் சொல்வேன். அவர் முக்கியமானதைத் திருப்பிச் சொல்வார். சார்ட்டிலும் இருக்கும். அதோடு அந்த நோயாளி அவர் பொறுப்பு. நான் வீட்டில் தூங்கும்போது "எந்த மாத்திரை?" என்று எனக்கு போன் வராது. வரக்கூடாது. வந்தால் நான் ஹேண்டோவர் சரியாகக் கொடுக்கவில்லை, இல்லையென்றால் அவர் சார்ட்டைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் கணவரிடம் மருந்து வாங்கும் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள், நோயாளி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறார். மாமியாரின் வைத்தியம் முழுவதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருடைய அம்மாதானே.

எப்படி என்றால்: ஒரு நோட்டு. அதை நீங்கள் எழுதித் தராதீர்கள், பச்சைக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே எழுதட்டும். எழுதுகிற கைக்குத்தான் நினைவு இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் கம்பெனி வைத்த பெயரோடு மூலப்பெயரும், அதாவது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்க வேண்டும். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையை நீட்டும்போது மூலப்பெயரும் அளவும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்க வேண்டும், உங்களிடம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, அட்டை என்றைக்குத் தீரும், அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதி. எச்பிஏ1சி பரிசோதனை எப்போது என்பதும் வேண்டும். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. வெறும் வயிற்றில் எடுப்பது வேறு பரிசோதனை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வயதானவர்களைக் காலையிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டி வருபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்று: திடீரென வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே 15 கிராம் அளவு சர்க்கரை, 15 நிமிஷத்தில் மறுபடி பரிசோதனை. நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸ். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் மகளுக்கும்கூட.

இன்னொன்று. மருத்துவமனையில் எந்த போன் நம்பர் பதிவாகியிருக்கிறது? உங்களுடையதாகத்தான் இருக்கும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

வெள்ளைப்பலகை எழுதியது:

மேலே சகோதரி சொன்னதற்கு ஆய்வு ஆதாரமே உண்டு. நான் சமூகவியல் பாடம் நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன்.

அலிசன் டாமிங்கர் என்ற ஆய்வாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலைக்குப் பின்னால் இருக்கும் மூளை வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: ஒன்று தேவைப்படப் போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள். முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும்தான் பெண்கள் தலையில் அதிகமாக விழுந்தது. மாத்திரை தீரப் போகிறது என்று யார் கவனிக்கிறார்கள்? வாங்கியதும் சரியான அளவுதானா என்று யார் பார்க்கிறார்கள்? அந்த இரண்டு முனைகளும் உங்களிடம், நடுவில் கடைக்குப் போவது மட்டும் அவரிடம்.

கண்ணுக்குத் தெரிகிற வேலையிலேயே இடைவெளி பெரிது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் 2018 அறிக்கைப்படி, உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. சராசரியாக நாளொன்றுக்குப் பெண்கள் 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இது கையால் செய்யும் வேலையின் கணக்கு. கூட்டத்துக்கு நடுவில் மேஜைக்கடியில் நீங்கள் தட்டிய பதில்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்றாம்வார்டு அக்கா, மருத்துவமனையில் இருப்பது என் நம்பர்தான். எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்!

ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அத்தை, மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். "அவனுக்கு என்னம்மா தெரியும், நீ வந்து பாரு" என்பார். பாசத்தில் சொல்வதுதான். பிள்ளைகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அம்மாக்கள் மட்டும்தான். ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் "நாளை எல்லாக் குழந்தைகளும் மஞ்சள் சட்டை அணிந்து வரவும்" என்று வரும். அவரிடம் விட்டு, அவர் பார்க்காமல் போய், என் பிள்ளை மட்டும் சீருடையில் போய் நின்றால்? டீச்சர் அப்பாவைக் கேட்க மாட்டார். "அம்மா வேலைக்குப் போறாங்கல்ல" என்றுதான் பேச்சு வரும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இரட்டையர்_அப்பா எழுதியது:

ஆண் ஒருவன் இங்கே எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுக்க என் பொறுப்பு. வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து, குழுவில் என் எண்ணைச் சேருங்கள், மனைவி எண்ணை எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். இரண்டு எண்ணும் இருந்தால் அவர்தான் முதலில் பார்ப்பார், பார்த்துவிட்டு எனக்குச் சொல்வார், நான் மறுபடி கேட்டுச் செய்பவனாகவே இருப்பேன். ஒரே எண் என்றால் நான் பார்த்தே ஆக வேண்டும். குழுவில் அத்தனை அம்மாக்களுக்கு நடுவே நான் ஒருவன்தான் அப்பா. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது யாரும் கண்டுகொள்வதே இல்லை.

ஒரு விஷயத்தை ஆண்கள் சார்பில் சொல்லத் தோன்றுகிறது. தனியாக விட்டால்தான் எங்களுக்கு வரும். பிரசவ விடுப்பு முடிந்து மனைவி வேலைக்குத் திரும்பியதும் நான் விடுப்பு எடுத்து, பகல் முழுக்கக் குழந்தைகளோடு தனியாக இருந்தேன். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்கு என்று அப்போதுதான் பிடிபட்டது. மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டியிருப்பேன். நார்வே 1993-ல் தந்தைக்கென்று நான்கு வாரம் ஒதுக்கியது. அவர் எடுக்கவில்லையென்றால் அந்த விடுப்பு போய்விடும், தாய்க்கு மாற்றித் தர மாட்டார்கள். அதற்கு முன்பும் அப்பாக்கள் விடுப்பு எடுக்கலாம் என்றுதான் இருந்தது, எடுத்தவர்கள் வெகு சொற்பம். ஒதுக்கீடு வந்த சில வருடங்களிலேயே பெரும்பாலான அப்பாக்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். "முடிந்தால் செய்யுங்கள்" என்பதற்கும் "இது உங்களுடையது" என்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

மஞ்சள் சட்டை பற்றி: இரண்டு பிள்ளைக்கும் எல்லா நிறத்திலும் ஒரு சட்டை எடுத்து அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன். ராத்திரிச் செய்தி இனி என்னை அசைக்காது.

கரையோரம் எழுதியது:

நான் இதே மாதிரி ஒரு பொறுப்பை வேண்டாம் என்று சொன்னவள். அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், அவரோடு இருக்க வேண்டும் என்று தோன்றியது, இருந்தேன். இன்றைக்கும் வருத்தமில்லை. வேண்டாம் என்று சொல்வது தோல்வி கிடையாது என்பதையும் யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் பதிவைப் படித்தால் உங்களுக்கு அந்த வேலை வேண்டும் என்றுதான் தெரிகிறது.

பேரேடு எழுதியது:

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டார்கள், நான் அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் அலுவலகம் போட்ட நிபந்தனையை யாருமே தொடவில்லை. அதை மாற்றவே முடியாது என்பதுபோல எல்லோரும் வீட்டை மட்டும் வளைத்துக்கொண்டிருக்கிறோம்.

பொருளாதாரத்துக்கான 2023 நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது பெண்களின் வேலையையும் வருமானத்தையும்தான். அவர் சொல்வதன் சாரம் இது: சில வேலைகள், எப்போது கூப்பிட்டாலும் வருகிறவருக்கு, எவ்வளவு நேரமானாலும் இருக்கிறவருக்கு அளவுக்கு மீறிக் கூலி கொடுக்கின்றன. வீட்டில் ஒருவர் பிள்ளைகளுக்காகக் கூப்பிட்ட நேரத்தில் வரக்கூடியவராக இருந்தே ஆக வேண்டும். அது பெரும்பாலும் மனைவி. அங்கேதான் சம்பளம் பிரிகிறது.

இதற்கு மாறாக அமெரிக்க மருந்தாளுநர் தொழிலை அவரும் இன்னொரு பொருளாதார அறிஞரான லாரன்ஸ் காட்ஸும் எடுத்துக் காட்டினார்கள். அங்கே ஆண் பெண் வருமான இடைவெளி மிகக் குறைவு. காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. மருந்துகள் தரப்படுத்தப்பட்டுவிட்டன, வாடிக்கையாளர் விவரம் கணினியில் இருக்கிறது. ஒரு மருந்தாளுநர் கிளம்பினால் இன்னொருவர் அதே இடத்தில் நின்று அப்படியே தொடரலாம். மூன்றாம்வார்டு சொன்ன ஹேண்டோவர்தான், ஒரு தொழில் முழுக்க நடந்திருக்கிறது.

அதனால் மேனேஜரிடம் "நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். நேரம் நிலையாக இருக்கட்டும் என்று கேளுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் சாயங்கால அழைப்பு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். உங்களுக்குக் கீழே வரும் எட்டுப் பேரில் ஒருவரை உங்களுக்கு அடுத்தவராகத் தயார் செய்ய அனுமதி கேளுங்கள். மாதக் கடைசிக் கோரிக்கைகளைக் கடைசி மூன்று நாளில் குவிக்காமல் வாரா வாரம் முடித்தால் அந்த நெருக்கடியில் பாதி குறையும். நான் இருந்த பிரிவில் அப்படித்தான் செய்தோம். சும்மா பேச்சோடு விடாதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கும் போடுங்கள். வீட்டு உதவிக்கு ஆள் வைத்தால் ஆகும் செலவை மனைவி சம்பளத்திலிருந்து மட்டும் கழித்துப் பார்த்து, "மிச்சம் என்ன இருக்கு, எதுக்கு இந்த வேலை?" என்று சொல்லும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இருவருக்கும்தானே? இருவர் வருமானத்தையும் கூட்டி அதிலிருந்து கழியுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று விடும் சம்பள உயர்வு அதோடு நிற்காது. அடுத்தடுத்த உயர்வெல்லாம் இந்தச் சம்பளத்தின் மேல்தான் ஏறும், ஓய்வுக்காலச் சேமிப்பும் இதை வைத்துத்தான். ஓய்வு பெறும் வயதில் அந்த வித்தியாசத்தைக் காகிதத்தில் பார்த்தால் மனசு ஆறாது.

நிலாமுற்றம் எழுதியது:

வெள்ளிக்கிழமை முடிந்தது. ஏற்றுக்கொண்டேன்.

பேரேடு அம்மா சொன்னபடி எழுதிக்கொண்டுதான் போனேன். சாயங்கால அழைப்பு செவ்வாயும் வியாழனும் மட்டும் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார். அடுத்தவரைத் தயார் செய்யவும் சரி என்றார். வாரா வாரம் முடிக்கும் யோசனையை இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார். மாதக் கடைசி நாள் மட்டும் யாராக இருந்தாலும் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார், அதில் நான் மல்லுக்கு நிற்கவில்லை. மின்னஞ்சல் வந்துவிட்டது.

வீட்டில்தான் பேச்சு கஷ்டமாக இருந்தது. "அப்ப நான் எதுவுமே பண்றதில்லைன்னு சொல்றியா?" என்று அவருக்குக் கோபம் வந்தது. மருந்து வாங்கின அன்றைக்கு வந்த செய்திகளை என் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் மேலிருந்து கீழே படித்தார். "இவ்வளவு கேட்டேனா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டு எழுதினார். எழுதும்போதுதான் ஒரு மாத்திரையின் அளவை டாக்டர் போன முறை மாற்றியிருப்பதைக் கவனித்து அவரே போன் போட்டுக் கேட்டார். மருத்துவமனையில் அவர் நம்பர்தான் இனி. அத்தையிடமும் அவரே பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. நேற்று அத்தை மாத்திரைக்கு என்னைக் கூப்பிட்டார், "அவர் வந்துடுவார் அத்தை" என்று சொல்லிவிட்டு நகரவே இல்லை. உடம்பெல்லாம் பதறியது, ஆனாலும் நகரவில்லை.

பள்ளிக்கூடக் குழுவை இன்னும் என்னிடமே வைத்திருக்கிறேன். அதை விட இன்னும் மனசு வரவில்லை, பார்க்கலாம். சட்டை யோசனை மட்டும் எடுத்துக்கொண்டேன் சகோதரரே.

மூன்றாம்வார்டு அக்கா, ஒரே ஒரு சந்தேகம். அடுத்த மாதம் அவர் வேலை விஷயமாக வெளியூர் போகிறார். அந்த நாட்களில் எல்லாம் மறுபடி என்னிடம் வந்துவிடுமே, என்ன செய்வது?

மூன்றாம்வார்டு எழுதியது:

வரட்டும். கிளம்பும் முன்னால் அவர் உங்களுக்கு ஹேண்டோவர் கொடுக்க வேண்டும், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்து. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நீங்கள் பாதியில் நிறுத்தாதீர்கள். டோஸ் மாறியிருப்பது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது, இல்லையா? திரும்பி வந்ததும் நீங்களும் அதே மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கே. இரண்டு நாள் தள்ளினால் அப்படியே உங்களிடமே தங்கிவிடும்.

அட்டைகள் அந்த நாட்களுக்குப் போதுமா என்று அவரையே எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.